சீருடை இருக்கட்டும், பிள்ளையை வெளியே நிறுத்துவது வேண்டாம்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பும் மகன் பிளஸ் ஒன்னும் வட சென்னையில் ஒரே அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். போன மாதம் மழையில் மகளின் சீருடை காயவில்லை. வேறு சுடிதாரில் போனவளை இரண்டு பீரியட் வராந்தாவில் நிற்க வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் என்றாலே முகம் மாறிவிடுகிறது. மகனோ, "பெரிய பசங்களுக்கு எதுக்கும்மா யூனிஃபார்ம்? காலேஜ் மாதிரி விட்டா என்ன?" என்கிறான். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணனும் அவன் பக்கம்தான். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இஷ்டப்படி உடுத்துகிறார்கள், யாரும் கெட்டுப்போகவில்லை என்கிறார். சீருடை போனால் துணிச் செலவு தாங்காது என்பது என் கணவரின் கவலை. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் சீருடை கட்டாயமாக இருக்க வேண்டுமா என்று அடுத்த கூட்டத்தில் பேசப் போகிறோம். நான் எந்தப் பக்கம் பேசுவது?
ஒரு தாய், வியாசர்பாடி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு ஆலோசகராகப் பள்ளிகளில் வேலை செய்கிறவள் நான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் சீருடை இருக்க வேண்டும். ஆனால் கட்டாயம் என்கிற பாரம் பிள்ளையின் தலையில் விழக் கூடாது. கட்டாயம் என்று சொல்கிறவர்கள்தான் அதைச் சுமக்க வேண்டும். துணி கொடுக்காமல், மாற்று ஏற்பாடும் வைக்காமல், "ஏன் போட்டுட்டு வரலை?" என்று பதினான்கு வயதுப் பெண்ணை வராந்தாவில் நிற்க வைப்பது தவறு. கூட்டத்தில் இந்த இரண்டையும் சேர்த்தே பேசுங்கள். முதலாவதை மட்டும் பேசினால் உங்கள் மகளுக்கு நடந்தது நாளை இன்னொரு பிள்ளைக்கு நடக்கும்.

உங்கள் மகளின் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன், எனக்கு அதுதான் அவசரமாகப் படுகிறது. வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை அதிலிருந்து ஒழுங்கைக் கற்றுக்கொள்வதை நான் பார்த்ததில்லை. அடுத்த முறை சீருடை காயாத அன்று லீவு போடுவதற்குத்தான் கற்றுக்கொள்கிறது. "வயித்து வலி", "தலை வலி" என்று லீவு லெட்டர் வரும். ஒன்பதாம் வகுப்பில் இப்படி விட்டு விட்டு வரத் தொடங்குகிற பெண், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நெருங்கும்போது பாடத்தில் மிகவும் பின்தங்கிப் போயிருப்பாள். இரண்டு பீரியட் போனதை யாராவது சொல்லிக் கொடுத்துச் சரிக்கட்டலாம். அத்தனை பேர் பார்க்க நின்றாளே, அதை எப்படிச் சரிக்கட்டுவது?

சீருடையில் வராததற்கு மழை மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. மாதவிடாய் நாளில் கறை பட்டதால் வேறு உடுப்பில் வந்த பெண்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். காரணத்தை பி.இ.டி. சாரிடமோ, காலை பிரேயரில் எல்லார் முன்னாலும் கேட்கிற டீச்சரிடமோ அவர்களால் சொல்ல முடியவில்லை. "மறந்துட்டேன்" என்று பொய் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டார்கள். இருக்கிற ஒரே செட்டை அண்ணன், தம்பி மாற்றி மாற்றிப் போடுகிற வீடுகள் உண்டு. மெட்ரோ வாட்டர் லாரி வராத வாரத்தில் துவைக்கவே முடியாத வீடுகளும் உண்டு. ஆகவே தண்டனையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பதுதான் ஆசிரியரின் முதல் வேலை.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைதான், இவள் ஒன்பதாம் வகுப்பு என்று கூட்டத்தில் யாராவது சொல்லக்கூடும். சொன்னால் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள்: எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் செய்யக் கூடாத ஒன்றை, ஒரு கோடை விடுமுறை முடிந்து வந்ததும் அதே பிள்ளையிடம் செய்யலாமா?

சரி, சீருடை ஏன் வேண்டும் என்கிறேன்?

தமிழ்நாட்டில் சீருடை வந்த வழி உங்களுக்கே தெரிந்திருக்கும். காமராஜர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவு வந்தது. அதைத் தொடர்ந்து, பள்ளிக்குள் ஏழை, பணக்காரன், சாதி என்கிற வேறுபாடு உடுப்பில் தெரியக் கூடாது என்ற எண்ணத்தோடு சீருடையும் வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1985-இலிருந்து சீருடையும் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. 2012-13 முதல் வருடத்துக்கு நான்கு செட் என்று ஆனது. துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்கின்றன. தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கும் பெண்கள். இத்தனை பேரின் உழைப்பில் ஒரு மாநிலம் தன் பிள்ளைகளுக்கு உடுப்புக் கொடுத்து வருகிறது. அதை எளிதாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த மாநிலத் திட்டம் சத்துணவு சாப்பிடுகிற, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான். ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்ததும் அது நின்றுவிடுகிறது. பையன்கள் ஒரே வருடத்தில் மளமளவென்று வளர்கிற வயது அது. ஜூனில் தைத்த பேன்ட்டின் மடிப்பை டிசம்பரில் பிரித்துவிட வேண்டியிருக்கும். சட்டைத் துணி, பேன்ட் துணி, தையல் கூலி, ஷூ, பெல்ட் என்று பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எவ்வளவு பேரம் பேசி வாங்கினாலும், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஜூன் மாதச் சம்பளத்தை இது பதம் பார்த்துவிடும். அதனால் பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு செட்தான் இருக்கும். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் கிடப்பது காயாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் புகுந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். அரசு கொடுப்பதை நிறுத்துகிற அதே வகுப்பில்தான் பள்ளியின் கண்டிப்பு ஏறுகிறது. உங்கள் மகளுக்கு நடந்ததன் வேர் இங்கே இருக்கிறது. கூட்டத்தில் இதை ஓங்கிச் சொல்லுங்கள்.

அப்படியானால் சீருடையையே எடுத்துவிடலாமே என்று மகன் கேட்பான். கலர் டிரஸ் நாட்களை வைத்து அவனுக்குப் பதில் சொல்கிறேன். குழந்தைகள் தினம், ஆண்டு விழா, பிளஸ் டூ வழியனுப்பு விழா போன்ற நாட்களில் கலர் டிரஸ்ஸில் வரலாம் என்று அறிவிப்பார்கள். அன்று வராமல் போகிற பிள்ளைகளிடம் அப்புறம் நான் பேசியிருக்கிறேன். போன தீபாவளித் துணி சின்னதாகிவிட்டது என்பார்கள். அதே டிரஸ்ஸைத்தான் போன விழாவுக்கும் போட்டார்கள், ஃபோட்டோவில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்பார்கள். ஒரு நாள் விழாவுக்கே இந்தக் கூச்சம் என்றால், வருடம் முழுக்கத் தினமும் காலையில் அந்தப் பிள்ளை என்ன பாடுபடும்? நல்ல துணி இருக்கிற பிள்ளைக்கு விருப்பப்படி உடுத்துவது சுதந்திரம்தான், நான் மறுக்கவில்லை. இல்லாத பிள்ளைக்கு அது தினமும் எழுதுகிற பரீட்சை. உங்கள் கணவர் செலவைப் பற்றிச் சொன்னதும் சரிதான். ஆனால் பணத்தை விடக் கூச்சம்தான் இந்த வயதில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்குகிறது.

அப்புறம், சீருடைக்குத் தெருவிலும் ஒரு பயன் உண்டு. ஜூன் மாதத்தில் புது பஸ் பாஸ் கைக்கு வரும் வரை, சீருடையிலோ பழைய பாஸோடோ வருகிற மாணவர்களை இலவசமாக ஏற்றிக்கொள்ளச் சொல்லி அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அறிவிப்பு வரும். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டுகிற நேரத்தில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெண்ணைப் பார்த்து, "ஸ்கூல் புள்ளைம்மா, உள்ளே வா" என்று கண்டக்டர் இடம் பண்ணிக் கொடுப்பதை இந்த ஊரில் பார்க்கலாம். அந்தப் பரிவு சீருடையைப் பார்த்து வருவது.

அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அமெரிக்காவில் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் சீருடை இல்லை என்பது உண்மை. ஆனால் அங்கேயும் இது தீர்ந்துபோன விவாதம் இல்லை. கலிபோர்னியாவின் லாங் பீச் நகரம் 1994-இல் அரசுப் பள்ளிகளில் சீருடையைக் கொண்டுவந்தது. அது தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்குத்தான். பள்ளிகளில் குற்றங்கள் குறைந்ததாக அந்த நகரம் சொன்னது. 1996-இல் அதிபர் கிளிண்டனே நாடாளுமன்ற உரையில் சீருடையை ஆதரித்துப் பேசினார். பிறகு 1998-இல் பிரன்ஸ்மா, ராக்கமோர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பத்தாம் வகுப்பு மாணவர்களின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். சீருடையால் வருகையோ நடத்தையோ மேம்பட்டதாகத் தெரியவில்லை, மதிப்பெண்ணும் கூடவில்லை என்றார்கள். 2012-இல் வெளியான இன்னோர் ஆய்வு, நடுநிலை, உயர்நிலை வகுப்புப் பெண் பிள்ளைகளின் வருகை சீருடையால் ஓரளவு கூடியதாகச் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: சீருடை போட்டால் மார்க் வரும், ஒழுக்கம் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உங்கள் கூட்டத்தில் ஒழுக்கத்தைக் காரணம் காட்டி யாராவது சீருடையை ஆதரித்தால், அவர்களோடு சேர்ந்து தலையாட்டாதீர்கள். நம் காரணம் வேறு. ஏழைப் பிள்ளை கூசாமல் உள்ளே வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவன் தன் உடுப்பைத் தன் கருத்தாகவே பார்க்கிறான். வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்த மாணவர்களின் உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1969-இல் நிலைநாட்டியது. அந்தப் பின்னணியில் அண்ணன் பேசுவதில் நியாயம் இருக்கிறது. நம் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளையின் கையில் ஏறுகிற பட்டையும் கயிறும் பெரும்பாலும் வேறு கதை சொல்கின்றன.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அவனும் வெட்டியவர்களில் சிலரும் சீருடை அணிந்து ஒரே பள்ளிக்குப் போனவர்கள்தான். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டுகிற வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவை பள்ளியில் வேண்டாம், பள்ளிப் பெயர்களிலும் சாதி வேண்டாம் என்றது. இதெல்லாம் தெற்கே நடப்பது, சென்னையில் ஏது சாதி என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "எந்த ஏரியா?" என்று கேட்டே இங்கே சாதியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஹவுஸிங் போர்டு என்று சொல்ல விரும்பாமல் பக்கத்துத் தெருப் பெயரைச் சொல்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். யாரோடு யார் சாப்பிடுகிறார்கள், யாரைப் பெருக்கச் சொல்கிறார்கள், யாருடைய பெயரைச் சொல்லாமல் "டேய் அவனே" என்று கூப்பிடுகிறார்கள் என்பதையெல்லாம் சட்டை மறைத்துவிடாது. சீருடையை வைத்துக்கொண்டு இவற்றைக் கவனிக்காத பள்ளி, காமராஜர் காலத்து நோக்கத்தில் பாதியைக் கைவிட்டுவிட்டது என்றுதான் சொல்வேன்.

மகனிடம் பேசும்போது அவன் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். பதினாறு வயதில் கண்ணாடி முன் அரை மணி நேரம் நிற்பது தவறில்லை. தான் யார், பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்று தேடுகிற வயது. சீருடை அந்தத் தேடலைக் கொஞ்சம் அமுக்கத்தான் செய்கிறது. அதனால்தான் பையன்கள் தெருமுனை டெய்லரிடம் கொடுத்துப் பேன்ட்டைப் பென்சில் ஃபிட்டாகப் பிடிக்கிறார்கள், முடியை ஒரு பக்கம் ஒட்ட வெட்டிக்கொள்கிறார்கள். அதற்காக ஆசிரியர் கத்தரிக்கோல் எடுத்து எல்லார் முன்னாலும் முடியை வெட்டுவதோ, பேன்ட்டின் தையலைக் கிழிப்பதோ பிள்ளையின் உடம்பு மேல் காட்டுகிற அதிகாரம். அது கூடவே கூடாது. சீருடை இருக்கும் இடத்தில் மற்றவற்றில் கொஞ்சம் விட்டுக் கொடுக்க வேண்டும். கைக்கடிகாரம், பை, முடி எல்லாவற்றிலும் விதி போட்டால் பிள்ளை மூச்சுவிட இடம் எங்கே? அவனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: காலேஜுக்கு இன்னும் இரண்டு வருடம்கூட இல்லை. அதுவரை இந்த வகுப்பில் உன் பக்கத்தில் உட்காருகிறவனுக்காகப் போட்டுக்கொள். என் அனுபவத்தில், இப்படிக் கேட்டால் பையன்கள் யோசிக்கிறார்கள். "ரூல்னா ரூல்" என்றால் யோசிப்பதில்லை.

பெண் பிள்ளைகளின் சீருடையைப் பற்றியும் பேசுங்கள். சுடிதார், அதன் மேல் ஓவர்கோட், உள்ளே இன்னொன்று என்று மூன்று அடுக்குத் துணியோடு, சென்னையின் ஜூன் வெயிலில், ஃபேன் ஓடாத வகுப்பில் உட்காருவது எப்படி இருக்கும் என்று கூட்டத்தில் இருக்கிற ஆண்களுக்குத் தெரியாது. பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கிற சைக்கிளை அதே உடுப்போடுதான் ஓட்ட வேண்டும். கேரளத்தில் பாலுசேரி அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 2021 டிசம்பரில் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லாருக்கும் பேன்ட், சட்டை என்று கொண்டுவந்தார்கள். எதிர்ப்பும் எழுந்தது. நான் எல்லாரையும் பேன்ட் போடச் சொல்லவில்லை. பேன்ட் வேண்டுகிற பெண்ணுக்கு அனுமதி இருக்கட்டும் என்கிறேன். அதேபோலத் தலையில் முக்காடு போடுகிற பெண், சீருடைக்கு ஏற்ற நிறத்தில் போட்டு வந்தால் அதை ஒரு பிரச்சினையாகவே எடுக்கக் கூடாது. கர்நாடகத்தில் 2022-இல் இதைப் பிரச்சினையாக்கியதில் வகுப்பை இழந்தவர்கள் பெண் பிள்ளைகள்தான். அது வழக்கானபோது, விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் அதே ஆண்டு அக்டோபரில் மாறுபட்ட தீர்ப்புச் சொன்னார்கள். நம் பள்ளி வாசலில் அப்படி ஒரு நாள் வரவே வேண்டாம்.

கூட்டத்துக்குப் போகும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். அரசுப் பள்ளிச் சீருடையின் நிறமும் வடிவமும் பள்ளிக் கல்வித் துறை முடிவு செய்வது. உங்கள் குழு அதை மாற்றவோ எடுக்கவோ முடியாது, கோரிக்கை அனுப்பலாம். ஆனால் சீருடையில் வராத பிள்ளையை எப்படி நடத்துவது என்பது முழுக்கப் பள்ளியின் கையில் இருக்கிறது. அங்கேதான் உங்கள் பேச்சுக்குப் பலன் கிடைக்கும். சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஹெச்.எம். என்ன சொல்வாரோ என்று பயந்து உட்கார வேண்டியதில்லை. அவரையும் எதிரியாக நினைக்காதீர்கள். பல தலைமை ஆசிரியர்கள் தங்கள் கைக்காசில் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சீருடை இல்லை என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளையும் வகுப்பை இழக்கக் கூடாது என்பது உங்கள் முதல் தீர்மானமாக இருக்கட்டும். கேட்க வேண்டியதை ஒரு டீச்சர் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். அடுத்தது, பள்ளியில் ஒரு பீரோ. பிளஸ் டூ முடித்துப் போகிறவர்களிடம் நல்ல நிலையில் இருக்கிற சீருடைகளை ஏப்ரலில் வாங்கி, துவைத்து இஸ்திரி போட்டு, அளவுவாரியாக அதில் அடுக்கி வையுங்கள். சாவி ஒரு பெண் ஆசிரியரிடம் இருக்கட்டும். கறை பட்ட பெண்ணும், நனைந்து வந்த பையனும் யாருக்கும் தெரியாமல் மாற்றிக்கொள்ளலாம். ஜூனில் துணி எடுக்க முடியாத வீட்டுக்கும் அதிலிருந்தே கொடுக்கலாம், பிரேயர் மேடையில் கூப்பிட்டுக் கொடுப்பது மட்டும் வேண்டாம். மூன்றாவது, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை விலையில்லாச் சீருடையை நீட்டிக்கச் சொல்லித் துறைக்கு ஒரு கோரிக்கை. அது வரும் வரை, 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாக முன்னாள் மாணவர்களிடம் உதவி கேட்கலாமா என்று ஹெச்.எம்.மிடம் பேசிப் பாருங்கள். பிள்ளைக்கு இரண்டு செட் என்பதை மூன்றாக்கினாலே மழைக்காலப் பிரச்சினையில் பெரும்பகுதி தீரும்.

மகளைக் கட்டாயப்படுத்தி அனுப்பாதீர்கள், நீண்ட நாள் வீட்டிலும் வைத்துக்கொள்ளாதீர்கள். அவளோடு போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். சண்டையாகப் போக வேண்டாம். "என் மகள் தப்புச் செய்யவில்லை, துணி காயவில்லை" என்று அவள் காதுபட நீங்கள் சொல்வது அவளுக்கு முக்கியம். நிற்க வைத்தவர் ஒரு வார்த்தை கனிவாகப் பேசினால் பாதிப் பயம் அன்றே போய்விடும். பேசியும் பலன் இல்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலோ, குழந்தைகளுக்கான 1098 எண்ணிலோ சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்தும் அவள் சாப்பாடும் தூக்கமும் சரியாகவில்லை என்றால் பள்ளி ஆலோசகரிடமோ, பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ காட்டுங்கள்.

கூட்டத்தில் பேசி முடிவானதும் அது தீர்மான நோட்டில் எழுத்தாக ஏற வேண்டும். வாய்வார்த்தையாகச் சரி என்பது அடுத்த ஹெச்.எம். வந்ததும் மறந்துபோகும். எழுதியதை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.